ஒரே ஒரு தேர்தலைக் கண்ட தொகுதி: எல்லை கீறப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், மாகாண சபைத் தேர்தலுக்காக இனி எல்லை நிர்ணயம் செய்ய நியமிக்கப்படுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

தேர்தல் முடிவுகள் வெளியாகும் இரவில் நுவரெலியா மாவட்டத்தின் பெறுபேறுகளைக் கவனித்திருப்பீர்கள். கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்று மூன்று பெயர்கள் வரும். அவற்றோடு ஓர் இரட்டைப் பெயரும் வரும்: நுவரெலியா-மஸ்கெலியா. மாவட்டத்து வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு பெயருக்குள்தான் இருக்கிறார்கள். கந்தப்பளைக் குளிரில் தொடங்கி சிவனொளிபாதமலை அடிவாரம் வரைக்கும் ஒரே தொகுதி. இது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, பெயர் நடுவில் ஏன் ஒரு கோடு என்று கேட்டால், அங்கே வாக்குக் கேட்டு வருகிற இளம் வேட்பாளர்கள் பலருக்கே பதில் தெரியாது.

அந்தக் கோடு ஒரு காலத்தில் மூன்று ஆசனங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்த கயிறு. 1977 இல் நுவரெலியா-மஸ்கெலியா ஒரு மூன்று அங்கத்தவர் தொகுதி. அது சந்தித்த பொதுத் தேர்தல் அந்த ஒன்றுதான். ஆனாலும் 1947 க்குப் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் மக்களின் வாக்கால் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனது அந்த ஒரு தேர்தலில்தான். நீங்கள் தொகுதிகளைப் புதிதாகக் கீறுவதற்கு முன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கீற வேண்டும் என்று கேட்கத்தான் இம்மடல்.

பல அங்கத்தவர் தொகுதி என்பது நமக்குப் புதிது இல்லை. சோல்பரி அரசியல் யாப்பின் கீழ் 1947 தேர்தல் நடந்தபோது 89 தொகுதிகளில் இருந்து 95 பேர் தெரிவானார்கள். கொழும்பு மத்திக்கு மூன்று ஆசனம். கடுகண்ணாவை, அம்பலாங்கொடை-பலப்பிட்டிய, பதுளை, பலாங்கொடை ஆகிய நான்குக்கும் இரண்டிரண்டு. ஒரே ஊரில் கலந்து வாழும் சமூகங்களில் சிறியது ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகாமல் இருக்க அன்றைக்குச் செய்த ஏற்பாடு அது. கொழும்பு மத்தியில் அந்த ஆண்டு யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள்: தொழிற்கட்சியின் ஏ. ஈ. குணசிங்க, ஐக்கிய தேசியக் கட்சியின் டி. பி. ஜாயா, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். ஒரு சிங்களவர், ஒரு முஸ்லிம், ஒரு பறங்கியர். மூன்று கட்சி, மூன்று சமூகம், ஒரே தொகுதி. இதை எந்தச் சட்டமும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. வாக்காளர்கள் தங்கள் வாக்கைப் பயன்படுத்திய விதத்தில் வந்தது.

அதே தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம். ஏழில் இன்னோர் ஆசனம் பதுளையில் எஸ். எம். சுப்பையாவுக்குக் கிடைத்தது. பதுளை இரண்டு அங்கத்தவர் தொகுதி என்பதை மேலே சொன்னேன்.

அப்புறம் நடந்ததை நீங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படித்திருப்பீர்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டம், அதே ஆண்டில் தேர்தல் சட்டத் திருத்தம். மூன்றும் சேர்ந்து தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 தேர்தலில் ஏழு பூஜ்யமானது. இதில் பலர் கவனிக்காத ஒரு சூழ்ச்சி உண்டு. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பதுதான் அன்றைய தொகுதிப் பங்கீட்டு விதி. அந்த 75,000 வாக்காளர் எண்ணிக்கை அல்ல, ஆட்தொகை. ஆகவே வாக்குப் பறிக்கப்பட்ட தோட்டத்து மக்களும் தலைக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் தலையைக் காட்டி மத்திய மலைநாட்டுக்கு ஆசனம் கிடைத்தது. அந்த ஆசனத்துக்கு ஆளை அனுப்பும் உரிமை மட்டும் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிற்று. எண்ணும்போது மனிதன், வாக்குப் போடும்போது அந்நியன்.

1959 இல் தொகுதிகளைத் திரும்பக் கீறியபோது பல அங்கத்தவர் பட்டியலும் மாறியது. கொழும்பு மத்தி நிலைத்தது. கொழும்பு தெற்கு, மட்டக்களப்பு, மூதூர், அக்குறணை ஆகியன இரண்டு அங்கத்தவர் தொகுதிகளாயின. பதுளை போய்விட்டது. வாக்கில்லாத சமூகத்துக்கு இரண்டாவது ஆசனம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போலும்.

1952 முதல் 1977 வரை மலையகத்துக்குக் கிடைத்ததெல்லாம் நியமன உறுப்பினர் பதவிதான். தொண்டமான் 1960 இலும் 1965 இலும் அப்படித்தான் சபைக்குப் போனார். 1970 இல் அப்துல் அஸீஸ் போனார். பிரதமர் விரும்பினால் உண்டு, விரும்பாவிட்டால் இல்லை. 1972 யாப்பு அந்த நியமன ஆசனங்களையும் இல்லாமல் செய்தது. 1974 இல் அமைக்கப்பட்ட எல்லை நிர்ணய ஆணைக்குழு வேலையை முடித்தபோது 160 தொகுதி, 168 ஆசனம் என்று வந்தது. கொழும்பு மத்திக்கும் நுவரெலியா-மஸ்கெலியாவுக்கும் மூன்று மூன்று. பேருவளை, ஹாரிஸ்பத்துவ, மட்டக்களப்பு, பொத்துவில் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. மலையகத்துக்கென்று இருந்த ஒரே கதவை மூடியவர்கள், சுவரில் ஒரு ஜன்னலாவது வைத்தார்கள் என்று சொல்லலாம்.

இப்போது வாக்களிப்பு முறைக்கு வருகிறேன். நீங்கள் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. மூன்று அங்கத்தவர் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. அவற்றை மூன்று பேருக்குப் பிரித்துப் போடலாம். இருவருக்குப் போடலாம். மூன்றையும் ஒரே ஆளுக்கும் போடலாம். கடைசியாகச் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நூறு வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 26 பேர் சிறிய சமூகம், 74 பேர் பெரிய சமூகம். 26 பேரும் தங்கள் மூன்று வாக்கையும் ஒருவருக்கே போட்டால் அவருக்கு 78. பெரிய சமூகத்திடம் இருப்பது 222 வாக்கு. அதை மூன்று வேட்பாளருக்குச் சமமாகப் பங்கிட்டாலும் தலைக்கு 74 தான். 78 எடுத்தவரை அவர்களால் தள்ளிவிட முடியாது. அதே நூறு பேர் தனி அங்கத்தவர் தொகுதியில் இருந்தால் அந்த 26 பேரின் வாக்குக்கு என்ன பெறுமதி என்று உங்களுக்கே தெரியும்.

தோட்டத்தில் இந்தக் கணக்கை யாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) எங்கள் தோட்டத் தலைவர் சொன்னது நான் சிறுவனாகக் கேட்டது: "மூணையும் ஐயாவுக்கே போடணும். மரியாதைக்கு ஒண்ணு அங்க, ஒண்ணு இங்கன்னு பிரிச்சீங்க, போச்சு." அவ்வளவுதான் வகுப்பு. என் அப்பாவுக்கு அந்த முறை வாக்கு இருந்தது. அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்த காம்பராவில் இருந்த பெரியப்பாவுக்கு இல்லை. அவர், நாடற்றவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தார். வாக்கில்லாத பெரியப்பாதான் வீடு வீடாகப் போய் மூன்றையும் பிரிக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்விட்டார். இப்படி ஒரே கூரைக்குக் கீழே வாக்குள்ளவரும் நாடற்றவருமாக இருந்த நிலையில்தான் அந்தத் தேர்தல் நடந்தது என்பதை மறக்காதீர்கள். தோட்டத்து ஜனத்தொகை எவ்வளவோ, வாக்காளர் இடாப்பில் அதில் ஒரு பகுதிதான்.

அது என்ன மாதிரிக் காலம் என்றும் சொல்ல வேண்டும். தோட்டங்கள் அரசுடைமையாகி, 1973-74 இன் பஞ்சத்தில் மாவுக்கும் மரவள்ளிக்கும் வரிசையில் நின்று களைத்துப் போயிருந்த சனம். அதோடு நுவரெலியாப் பக்கத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி அளக்க வந்ததை எதிர்த்து நின்ற தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். தேர்தல் ஜூலை 21. இடையில் பத்து வாரம். எங்கள் பக்கத்தில் மூன்று வாக்கையும் ஏன் ஒருவருமே சிதறவிடவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

முடிவு வந்தது. முதலாவது ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க. இரண்டாவது ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க. மூன்றாவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான். மூன்றாவதாக வந்து பாராளுமன்றம் போவதா என்று சிலர் இன்றைக்கும் ஏளனமாகச் சொல்வதுண்டு. மூன்று ஆசனம் உள்ள இடத்தில் மூன்றாவதாக வந்தவர் வென்றவர். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஏளனம் செய்கிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். 1977 இல் ஐ.தே.க. பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளோடு 168 இல் 140 ஆசனங்களை எடுத்தது. நூற்றுக்கு முப்பது வாக்கை நெருங்கிய சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் எட்டு. அந்த எட்டில் ஒன்றுதான் அநுர பண்டாரநாயக்கவின் ஆசனம். இரண்டாவதாக வந்து, பல அங்கத்தவர் தொகுதி என்பதால் கிடைத்த ஆசனம். 1983 இல், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யக் கோரிய ஆறாவது யாப்புத் திருத்தத்தால் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தபோது அவர்தான் எதிர்க்கட்சித் தலைவரானார். காமினி மகாவலி அமைச்சர். தொண்டமான் 1978 செப்டெம்பரில் அமைச்சரவைக்குப் போனார். ஒரே தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் இருவர் அமைச்சர், ஒருவர் எதிர்க்கட்சித் தலைவர். இந்த நாட்டில் வேறு எந்தத் தொகுதிக்கு இந்தப் பெருமை வாய்த்தது? பெரும்பான்மைச் சமூகத்தின் பிரதான எதிர்க்கட்சியையே கரை சேர்த்த முறையை, சிறுபான்மைக்குக் கொடுத்த பிச்சை போலப் பேசுவது நியாயமில்லை.

தொண்டமான் ஐயாவின் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. அது வேறொரு மடலுக்கு உரியது. ஆனால் 1988 இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் விசேட சட்டம் வந்ததற்கு, அமைச்சரவைக்குள் ஒரு மலையகக் குரல் இருந்ததும் ஒரு காரணம் என்பதை அவரை எதிர்த்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள். வேலைநிறுத்தத்தின் பலம் தனி, அமைச்சரவையில் கை தூக்கும் பலம் தனி. அந்த இரண்டாவது பலம் அவருக்குப் போனது இந்தத் தொகுதி வழியாகத்தான்.

இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிழக்கைப் பாருங்கள். மட்டக்களப்பை இரண்டு அங்கத்தவர் தொகுதியாக்கியதே தமிழருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்ற எண்ணத்தில்தான். 1970 இல் செ. இராஜதுரையும் ராஜன் செல்வநாயகமும் வென்றார்கள். இரண்டும் தமிழருக்கே போயிற்று. ஆக இது எழுதி வைத்த ஒதுக்கீடு அன்று. சமூகம் கட்டுக்கோப்பாக வாக்களிக்க வேண்டும், வேட்பாளர் எண்ணிக்கையை அளவோடு நிறுத்த வேண்டும். இரண்டு பேர் போட்டிபோட்டு இறங்கினால் இருவரும் கவிழ வேண்டியதுதான். எங்கள் சங்கங்கள் இன்றைக்கு இருக்கிற லட்சணத்தில் இது சாதாரண ஆபத்தில்லை, தெரியும். அப்புறம், மூன்று உறுப்பினர் இருந்தால் பாதை உடைந்ததற்கு யாரைக் கேட்பது என்ற பழைய முறைப்பாடும் உண்டு. ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுவார். ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள்: எங்கள் மொழி தெரிந்த ஒருவரிடம் போக வழி இருந்தது. முன்பு அதுவும் இல்லை.

அந்தத் தொகுதி இரண்டாவது தேர்தலைக் காணவே இல்லை. 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு, 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில், மாவட்ட அடிப்படையில் நடந்தது. மூன்று ஆசனமும் போய், பெயரும் நடுக்கோடும் மட்டும் வாக்கெண்ணும் பிரிவாக மிஞ்சின.

விகிதாசாரத்தில் எங்களுக்கு நட்டமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்டம் முழுவதுமே எட்டு ஆசனமுள்ள ஒரு பெரிய பல அங்கத்தவர் தொகுதியாகிவிட்டது அல்லவா? 2020 இல் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு உறுப்பினர்களில் ஐவர் மலையகத் தமிழர். ஒரே கட்சிக்காரருக்குள் விருப்பு வாக்குச் சண்டை, காசு, சுவரொட்டி எல்லாம் அதோடு வந்தன. அவற்றைப் பார்த்துச் சலித்துத்தான் தொகுதி முறைக்குத் திரும்புவோம் என்ற பேச்சு கிளம்பியது. சரி, திரும்புங்கள். எந்தத் தொகுதி முறைக்கு என்பதுதான் என் கேள்வி.

2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி, பாதி பட்டியல் என்று கொண்டுவந்தீர்கள். அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் சபைக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். 2014 இல் ஊவாவுக்கு நடந்ததுதான் கடைசி மாகாண சபைத் தேர்தல். ஒன்பது சபைகளும் ஆளுநர்களின் கையில். இந்த முடிச்சு விழுந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சிறிய சமூகங்களின் பக்கத்தில் இருந்து பார்த்தால் காரணம் எளிது: பரந்து வாழ்கிறவனைத் தனி அங்கத்தவர் தொகுதிக்குள் போட்டு வெட்டினால் அவன் எல்லா இடத்திலும் 26 பேர்தான்.

நுவரெலியாவில் நாங்கள் எப்படியோ தப்பித்துக்கொள்வோம். பதுளையில், கண்டியில், மாத்தளையில், இரத்தினபுரியில், கேகாலையில், களுத்துறையில் இருக்கிற மலையகத் தமிழர் நிலை என்ன? மலைக்கு ஒரு லயம், பள்ளத்துக்கு ஒரு கிராமம் என்று கிடக்கும் அந்தப் பகுதிகளில் எந்தப் பக்கம் கோடு கீறினாலும் தோட்டம் ஏதாவது ஒரு தொகுதியின் ஓரத்தில்தான் விழும். 1947 இல் பதுளைக்கு இரண்டு ஆசனம் கொடுத்தவர்களுக்குப் புரிந்த விஷயம் இது.

உள்ளூராட்சித் தேர்தலில் பல அங்கத்தவர் வட்டாரம் வைத்திருக்கிறோமே என்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. அந்த வட்டாரத்தில் வாக்காளருக்கு ஒரே வாக்கு, அதுவும் கட்சிக்கு. கூடுதல் வாக்கு எடுத்த கட்சி இரண்டு அல்லது மூன்று ஆசனத்தையும் அப்படியே வாரிக்கொண்டு போகிறது. 26 பேரைக் காப்பாற்ற உண்டான ஏற்பாட்டின் பெயரை வைத்து, 74 பேருக்கு ஒன்றுக்கு மூன்றாகக் கொடுக்கிறீர்கள். மாகாண சபைச் சட்டத்திலும் இதே மாதிரி ஒன்றை எழுதிவைத்துவிட்டு, பார்த்தீர்களா பல அங்கத்தவர் தொகுதி தந்துவிட்டோம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வாக்குகளைச் சேர்த்து ஒருவருக்கே போடும் உரிமை இல்லாவிட்டால் அது வெறும் பெயர்ப்பலகை.

ஆகவே கேட்கிறேன். மலையகத் தமிழரும், அதேபோல முஸ்லிம்களும், வடகிழக்கில் சிறு தொகையாக வாழும் சிங்களவரும் ஒரு பகுதியில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ இருந்தால், அந்தப் பகுதியை இரண்டு அல்லது மூன்று ஆசனமுள்ள ஒரே தொகுதியாக வையுங்கள். எத்தனை ஆசனமோ அத்தனை வாக்கு கொடுங்கள், அவற்றை ஒருவருக்கே குவிக்கவும் இடம் கொடுங்கள். ஒரு தோட்டத்தின் மேற்பிரிவை ஒரு தொகுதியிலும் கீழ்ப்பிரிவை இன்னொன்றிலும் போடாதீர்கள். கிராம சேவகர் பிரிவு எல்லையை மட்டும் பார்த்துக் கீறினால் அதுதான் நடக்கும், அந்த எல்லைகளில் பல லயங்களைக் கண்ணால் பார்க்காமல் போட்டவை. அம்பகமுவ, நுவரெலியா என்று இரண்டே பிரதேச சபைகளாக லட்சக்கணக்கான மக்களை வைத்திருந்த இடத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கோடு பிழைத்தால் அதைத் திருத்த இங்கே ஒரு தலைமுறை போகிறது.

இன்னுமொன்று. பொதுமக்கள் கருத்துக் கேட்கும் அமர்வுகளைக் கொழும்பிலும் மாவட்டச் செயலகத்திலும் மட்டும் வைக்காதீர்கள். அட்டனில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று, இரத்தினபுரிப் பக்கத்தில் ஒன்று வையுங்கள். அறிவித்தலைத் தமிழிலும் போடுங்கள், தோட்டக் காரியாலயத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டு எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். லயத்துக்கு வருகிற கடிதம் தோட்டத்துப் பெரிய துரையின் மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தால் ஒரு நாள் பேர், அதாவது நாட்சம்பளம், போகாமல் தொழிலாளர்களும் வந்து பேசுவார்கள். 1977 இல் மூன்று வாக்கையும் ஒன்றாகப் போட்டவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அமர்வு எங்கே, எப்போது என்று சொன்னால் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
அட்டன் பகுதியில் இருந்து
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்